பன்னிரண்டும் தேறிவிட்டன

எங்கள் ஆய்வுக்கூடத்தில் எனக்கு வைத்திருக்கும் பெயர் சி.ஐ.டி. முகத்துக்கு நேராக யாரும் சொல்வதில்லை. ஆனால் நான் உள்ளே நுழைந்ததும் பேச்சு சட்டென்று நிற்பதிலிருந்து எனக்குத் தெரியும். அதில் எனக்கு வருத்தமும் இல்லை. பால் பாக்கெட்டை முகர்ந்து பார்க்காமல் நான் அடுப்பில் வைத்ததில்லை. வீட்டைப் பூட்டிவிட்டுத் தெருமுனை வரை போய், திரும்பி வந்து பூட்டை ஒரு தடவை இழுத்துப் பார்ப்பவள் நான். அப்படிப்பட்டவளிடம் வந்து, பன்னிரண்டு வில்லைகளும் தேறிவிட்டன என்று சொன்னால் எப்படி இருக்கும்?

எலும்பு மருத்துவமனையின் பின்பக்கம், துணி வெளுக்கும் அறைக்கும் ஜெனரேட்டருக்கும் நடுவில் இருக்கிறது ஆய்வுக்கூடம். வாரத்தில் இரண்டு நாள் கறிக்கடையிலிருந்து மாட்டு முழங்கால்கள் வரும். மூட்டைத் திறந்தால் எலும்பின் முனையில் வெள்ளையாக, வழவழவென்று ஒரு படலம் இருக்கும். அதுதான் குருத்தெலும்பு. அதிலிருந்து சட்டைப் பொத்தானைவிடச் சிறிய வட்டங்களாக வெட்டி எடுப்போம். அதற்குத்தான் வில்லை என்று பெயர். ஒவ்வொரு வில்லையையும் மெஷினில் வைத்து, நாற்பது நிமிடம் மெல்ல மெல்ல அழுத்தி, எவ்வளவு தாங்குகிறது என்று பார்ப்பது என் வேலை. பதினோரு வருடமாக அழுத்திக்கொண்டிருக்கிறேன். வீட்டிலும் அதைத்தான் செய்கிறாள் என்று என் கணவர் சொல்வார்.

குருத்தெலும்பில் முக்கால் பங்கு தண்ணீர்தான். அழுத்தினால் கசியவிடும், விட்டுவிட்டால் மறுபடி குடித்துக்கொள்ளும். அந்தக் குணம் இருப்பதால்தான் நம்மால் நடக்க முடிகிறது. படி ஏறும்போது உடம்பின் எடையைப் போல மூன்று நான்கு மடங்கு முழங்காலில் இறங்குகிறது. அத்தனையையும் அந்த மெல்லிய படலம் சத்தமில்லாமல் வாங்கிக்கொள்ளும். அதற்கு ரத்தக் குழாயும் கிடையாது, நரம்பும் கிடையாது. அதனால் தேய்ந்துகொண்டே இருந்தாலும் வாய் திறக்காது. முக்கால்வாசி போன பிறகுதான் ஆளுக்கு வலிக்கத் தொடங்கும். சத்தம் போடாததை எல்லாம் நான் சந்தேகப்படுவதற்கு இந்த வேலையும் ஒரு காரணமாக இருக்கலாம்.

எங்கள் தலைவர் பெரிய டாக்டர். முழங்கால் அறுவையில் நல்ல பெயர் எடுத்தவர். அவர் ஒரு மருந்தின் பின்னால் இரண்டு வருடமாக ஓடிக்கொண்டிருந்தார். கூழ் போன்ற மருந்து. தேய்ந்த மூட்டுக்குள் ஊசியால் செலுத்தினால் குருத்தெலும்பு மறுபடி கெட்டிப்படும் என்பது அவர் நம்பிக்கை. உடம்புக்குக் கெடுதல் செய்யாது என்பது முன்பே தெரியும். வேலை செய்யுமா என்பதுதான் கேள்வி. அதற்காக நாங்கள் வில்லைகளை ஒரு ரசாயனத்தில் ஊறவைத்து வேண்டுமென்றே கெடுப்போம். பிறகு பாதி வில்லைகளை மருந்தில் ஒரு வாரம் வைப்போம், மீதிப் பாதியைச் சும்மா வைப்போம். கடைசியில் எல்லாவற்றையும் அழுத்திப் பார்ப்போம். எங்கள் கணக்கில் நல்ல வில்லைக்கு அறுபது. கெட்டுப்போனதற்கு முப்பது.

இரண்டு வருடமாக மருந்தில் கிடந்தவையும் முப்பத்தைந்து, நாற்பது என்று இழுத்துக்கொண்டுதான் இருந்தன. பிறகு பூனை டாக்டர் வந்தார்.

அவர் பெரிய டாக்டரிடம் ஆராய்ச்சி செய்ய வந்த எலும்பு டாக்டர். முப்பத்து மூன்று வயது இருக்கும். நடந்து வருவது கேட்காது. திரும்பினால் பின்னால் நிற்பார். அதனால் அந்தப் பெயரை நான்தான் வைத்தேன். வந்த நான்கு மாதத்தில் மருந்தில் போடும் வில்லைகளை அவரும், சும்மா வைக்கும் வில்லைகளை நானும் பார்த்துக்கொள்வது என்று பிரித்துக்கொண்டோம். அவர் தயார்செய்த முதல் பன்னிரண்டு வில்லைகள் மெஷினுக்கு வந்தன. எழுபத்து இரண்டு. அறுபத்து எட்டு. எழுபத்தைந்து. ஒன்றுகூட அறுபதுக்குக் கீழே இல்லை.

பெரிய டாக்டருக்குத் தலைகால் புரியவில்லை. பூனையின் தோளைத் தட்டினார். என் தோளையும் தட்ட வந்து, முகத்தைப் பார்த்துவிட்டுக் கையை இழுத்துக்கொண்டார்.

கெடுத்து வைத்த வில்லை, மருந்து போட்டதும் கெடாத வில்லையைவிட உறுதியாகிவிட்டதாம். அதுவும் பன்னிரண்டும் ஒருசேர. பன்னிரண்டு பேர் உள்ள வீட்டில் ஒரு நாளாவது பன்னிரண்டு பேரும் ஒரே நேரத்தில் சாப்பிட உட்கார்ந்ததுண்டா? எனக்கு மூக்கில் வியர்த்தது.

அன்றைக்கு நான் செய்த முதல் மடத்தனம், அந்த எரிச்சலை அக்காவிடம் கொட்டியது. அக்கா பள்ளிப் பேருந்து ஓட்டுகிறாள். நாற்பத்தாறு வயது. எங்கள் வீட்டில் எல்லோருக்கும் கால் கொஞ்சம் வில் மாதிரி வளைந்திருக்கும். அவளுக்கு இடது கால் கூடுதலாக. வளைந்த காலில் எடை நடு முட்டியில் இறங்காது, உள்பக்கமாகவே இறங்கும். இருபது வருடம் கிளட்ச் மிதித்து, உள்பக்கக் குருத்தெலும்பு பாதிக்கு மேல் போய்விட்டது. வெளிப்பக்கம் அப்படியே புதுசாக இருக்கிறது. இப்போதே எலும்பை வெட்டி, ஆப்பு மாதிரி திறந்து, காலை நேராக்கிவிட்டால் எடை வெளிப்பக்கத்துக்கு மாறும். இன்னும் பத்துப் பதினைந்து வருடம் அவள் வண்டி ஓட்டலாம். உள்பக்கம் முழுசாகத் தேய்ந்துவிட்டால் அந்த வழி அடைத்துவிடும். பிறகு மூட்டையே மாற்ற வேண்டும், அதோடு பேருந்து ஸ்டியரிங்கையும் மறந்துவிட வேண்டும். அவளுக்கு அந்த ஸ்டியரிங்தான் எல்லாம். ஆபரேஷனுக்குத் தேதியும் கொடுத்திருந்தார்கள். ஆனால் எலும்பை வெட்டுவது என்ற சொல்லைக் கேட்டாலே அவள் பேச்சை மாற்றிவிடுவாள்.

"அந்தப் பூனை ஏதோ தில்லுமுல்லு பண்றான்க்கா. பன்னெண்டும் எப்படித் தேறும்?" என்றேன்.

அக்கா காதில் பின்பாதி மட்டும் விழுந்தது. "பன்னெண்டும் தேறிடுச்சா?" என்றாள்.

அடுத்த வாரமே பெரிய டாக்டரைப் போய்ப் பார்த்துவிட்டாள். ஊசியை முதலில் பத்துப் பேருக்குப் போட்டுப் பார்க்கப் போகிறார்கள். அதில் ஐந்தாவது பெயர் அவளுடையது. படிவத்தில் ஒரு நிபந்தனை இருந்தது. ஊசி போட்டுக்கொண்டால் ஒரு வருடத்துக்கு அந்தக் காலில் வேறு எந்த அறுவையும் கூடாது. அவள் எக்ஸ்ரேயை நான் பார்த்திருக்கிறேன். ஒரு வருடம் கழித்து நேராக்குவதற்கு அந்த உள்பக்கத்தில் ஒன்றும் மிஞ்சியிருக்காது.

"நீ கையெழுத்துப் போடாதேக்கா. எனக்கு அந்த ஆள் மேல நம்பிக்கை இல்ல."

"உனக்கு யார் மேலதான் நம்பிக்கை இருக்கு? என் கல்யாணத்துல மாப்பிள்ளை நிஜமாவே படிச்சவரான்னு அவர் ஆபீசுக்கே போன் பண்ணவதானே நீ?"

அது உண்மைதான். படித்தவர்தான் என்றார்கள். ஆனாலும் கேட்டுவிடுவது நல்லதுதானே?

கையெழுத்துப் போட்டுவிட்டாள். திங்கட்கிழமை ஊசி என்று முடிவானது. ஆபரேஷன் தேதியில் தனக்கு ஒதுக்கிய இடத்தை இன்னும் விட்டுக்கொடுக்கவில்லை. அதற்கு முந்தின வெள்ளிக்கிழமை நான்கு மணிக்குள் இடம் வேண்டும் என்று சொன்னால் அவளுக்கு, இல்லாவிட்டால் அடுத்த ஆளுக்கு. எனக்கு இருந்தது பத்து நாள். அதற்குள் பூனையைக் கையும் களவுமாகப் பிடித்தாக வேண்டும்.

கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தேன். பார்க்கப் பார்க்க எல்லாமே உறுத்தியது. நான் சாப்பிடப் போகும் நேரம் பார்த்துத்தான் அவர் வில்லைகளை எடுப்பார். நான் திரும்பி வந்தால் குறிப்பேட்டைப் பட்டென்று மூடுவார். தட்டை ஒரு துணியால் மூடித்தான் குளிர்பெட்டிக்கு எடுத்துப் போவார். ஒரு தடவை வேண்டுமென்றே பாதிச் சாப்பாட்டில் எழுந்து வந்தேன். கையில் இருந்த குப்பியைக் கீழே போட்டுவிட்டார்.

"என்ன டாக்டர், பேயைப் பார்த்த மாதிரி முழிக்கிறீங்க?"

"ஒண்ணுமில்ல மேடம்."

ஒண்ணுமில்லை என்று சொல்பவரிடம் நிச்சயம் ஏதோ இருக்கிறது. நான் போட்ட கணக்கு இது: கெட்ட வில்லைகளைக் குப்பையில் போட்டுவிட்டு, புதிதாக வெட்டிய நல்ல வில்லைகளை மருந்தில் கிடந்தவை என்று சொல்லி மெஷினுக்குத் தருகிறார். பெரிய டாக்டர் கேட்ட எண் கிடைத்துவிடும். கட்டுரை வரும். வேலை உறுதியாகும். அக்காவின் கால் போனால் அவருக்கு என்ன?

அதனால் இரண்டாம் முறைக்கான பன்னிரண்டு வில்லைகளை அவரிடம் கொடுக்கும் முன்பு ஒரு பொறி வைத்தேன். ஒவ்வொன்றின் ஓரத்திலும் கத்தி முனையால் மயிரிழை அளவுக்கு ஒரு கீறல். உருப்பெருக்கியில் பார்த்தால்தான் தெரியும். கூடவே ஒவ்வொன்றையும் நிறுத்து, எடையை என் சொந்த டைரியில் எழுதிவைத்தேன். ஒன்று இருபத்தேழு மில்லிகிராம், இன்னொன்று இருபத்தாறு, அப்படி. மாற்றினால் கீறல் காட்டிக்கொடுக்கும். அதையும் மீறினால் எடை காட்டிக்கொடுக்கும்.

வியாழக்கிழமை வில்லைகள் திரும்பி வந்தன. பெரிய டாக்டர் வெளியூரில் ஒரு மாநாட்டுக்குப் போயிருந்தார். பூனையும் சாப்பிடப் போயிருந்தது. கதவைச் சாத்திவிட்டு உருப்பெருக்கியின் கீழே முதல் வில்லையை வைத்தேன்.

கீறல் இருந்தது.

இரண்டாவதிலும் இருந்தது. பன்னிரண்டிலும் என் கீறல் நான் போட்ட இடத்திலேயே இருந்தது. எனக்குச் சப்பென்று ஆகிவிட்டது. சொல்ல வெட்கமாக இருக்கிறது, நல்லவர் என்று தெரிந்ததில் எனக்கு வந்தது ஏமாற்றம்தான். இருந்தாலும் எழுதியதை எழுதியாயிற்று என்று நிறுத்துப் பார்த்தேன். இருபத்தேழு இருந்தது முப்பது. இருபத்தாறு இருந்தது இருபத்தொன்பது. எல்லாமே கூடியிருந்தன. சும்மா வைத்திருந்த என் வில்லைகளை ஓடிப்போய் நிறுத்தேன். அவற்றையும் அதே நாளில் நிறுத்து எழுதியிருந்தேன்; அவை அந்த எடையிலேயே இருந்தன.

அதே வில்லைகள். ஆனால் தண்ணீர் குடித்திருக்கின்றன.

குருத்தெலும்பு எந்தத் தண்ணீரில் இருக்கிறது என்பது சாதாரண விஷயம் இல்லை. உள்ளே தண்ணீரை இழுக்கும் பொருள் நிறைய இருக்கிறது. உடம்பில் வெளியே இருக்கும் உப்பு அதைக் கட்டுக்குள் வைத்திருக்கும். அதனால்தான் வில்லைகளை எப்போதும் சலைனில், அதாவது அளவாக உப்பு சேர்த்த நீரில், வைக்க வேண்டும். உப்பே இல்லாத வெறும் நீரில் போட்டால் அடங்காமல் குடிக்கும். உள்ளே இருக்கும் நார் வலை விறைத்துக்கொள்ளும் அளவுக்குக் குடிக்கும். அதை அழுத்திப் பார்த்தால் மெஷின் பெரிய எண்ணாகத்தான் காட்டும்.

சாப்பிட்டுவிட்டுப் பூனை வந்து நின்றார். இந்தத் தடவை அவர் வருவது கேட்டது; கதவைச் சாத்தி வைத்திருந்ததால் தட்ட வேண்டியிருந்தது.

"டாக்டர், கடைசி நாள் இதுங்கள எதுல போட்டு வெச்சீங்க?"

"தண்ணிலதான் மேடம்."

"எந்தத் தண்ணி?"

அவர் அலமாரியின் மேல்தட்டிலிருந்து பெரிய கேனை எடுத்துக் காட்டினார். அதன் மேல் கறுப்பு மையில் கொட்டை எழுத்தில் 'தண்ணி' என்று எழுதியிருந்தது. மெஷினைக் கழுவ வைத்திருக்கும் வெறும் தண்ணீர். உப்பு ஒரு துளி கிடையாது.

"ஐயோ, டாக்டர்! சலைன்ல போடணும்னு தெரியாதா உங்களுக்கு? படிச்ச படிப்பெல்லாம் எங்க போச்சு?"

அவர் போய்த் தன் குறிப்பேட்டை எடுத்துவந்து, நடுவில் ஒட்டியிருந்த ஒரு தாளைத் திறந்து என் முன்னால் வைத்தார். வில்லை தயார்செய்யும் முறை. ஒன்பது வரிகள். எட்டாவது வரி: 'மருந்திலிருந்து எடுத்து ஒரு நாள் முழுக்கத் தண்ணியில் வைக்கவும்.'

கையெழுத்து என்னுடையது.

எங்கள் ஆய்வுக்கூடத்தில் சலைனை யாரும் சலைன் என்று சொல்வதில்லை. தண்ணி என்போம். தண்ணி மாத்து, தண்ணி தீர்ந்துடுச்சு, தண்ணில போடு. கேனில் இருப்பதைக் கழுவுற தண்ணி என்போம். பதினோரு வருடம் இருந்தவளுக்கு இரண்டும் தானாகப் பிரிந்து கேட்கும். சலைன் பாட்டிலில் அச்சடித்த சீட்டில் சலைன் என்று இருக்கும். கேனிலோ நானே என் கையால் தண்ணி என்று எழுதி வைத்திருக்கிறேன். புதிதாக வந்தவர் தண்ணி என்று படித்தால் தண்ணி என்று எழுதியிருப்பதைத்தானே எடுப்பார்?

"மருந்தை நல்லா அலசி எடுக்கத்தான் கடைசில வெறும் தண்ணின்னு நினைச்சேன்" என்றார். "ஒரு சந்தேகம் இருந்துச்சு. இந்தத் தாளைக் கொடுத்த அன்னிக்கே உங்ககிட்ட கேட்டேன், ஞாபகம் இருக்கா?"

எனக்கு ஞாபகம் இல்லை.

"எந்தத் தண்ணி மேடம்னு கேட்டேன். அதுலதான் எழுதியிருக்கே, எழுத்துக்கூட்டிப் படிக்கத் தெரியாதான்னு கேட்டீங்க."

அதைச் சொன்னபோது அவர் குரலில் குத்தல் இல்லை. எனக்கு ஞாபகம் வரவில்லை, ஆனால் நான் அப்படித்தான் சொல்லியிருப்பேன் என்பதில் சந்தேகமே வரவில்லை.

"அப்ப ஏன் நான் இல்லாத நேரமாப் பார்த்து வேலை செய்றீங்க? குறிப்பேட்டை ஏன் மூடுறீங்க?"

"நீங்க பின்னாடி நின்னு பார்த்தா எனக்குக் கை நடுங்குது மேடம். ஆபரேஷன் தியேட்டர்லகூட எனக்கு நடுங்கினதில்ல."

பன்னிரண்டையும் எடுத்துச் சலைனில் போட்டோம். மறுநாள் காலை எடை பழைய அளவுக்கு இறங்கியிருந்தது. மெஷினில் வைத்து அழுத்தினேன். நாற்பத்தொன்று. முப்பத்தாறு. இருபத்தொன்பது. நான்காவது முப்பத்தொன்பது. அதே பழைய மருந்து, அதே பழைய எண். இரண்டு வருடமாக இருந்த இடத்திலேயே நாங்கள் இருந்தோம். அப்போது மணி பன்னிரண்டே முக்கால்.

"பெரிய டாக்டர்கிட்ட நானே சொல்லிடுறேன்" என்றார் பூனை. "நான்தானே ஊற வெச்சேன். என் தப்புன்னே சொல்றேன்."

நான் வேண்டாம் என்று சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. அவர் போனில் பேசும்போது பக்கத்தில் நின்று, ஏற்கனவே துடைத்த மெஷினை மறுபடி துடைத்துக்கொண்டிருந்தேன். அந்தப் பக்கம் கத்துவது எனக்கே கேட்டது. "அடிப்படை கூடத் தெரியாதா உனக்கு?" என்று ஆரம்பித்து என்னவெல்லாமோ. அவர் "சாரி சார், என் கவனக்குறைவு சார்" என்று ஐந்து தடவை சொன்னார். பதினோரு வருடம் நேர்மையைப் பற்றி எல்லோருக்கும் வகுப்பு எடுத்தவள், ஒரு துணியைக் கையில் பிடித்துக்கொண்டு வாயை மூடி நின்றேன். எனக்கே என்னைப் பிடிக்கவில்லை.

போனை வைத்துவிட்டுச் சொன்னார்: "நாலு வில்லையை வெச்சு எதையும் நிறுத்த முடியாதாம். உன்ன மாதிரி ஆள் பண்ணதுல முதல் தடவை தப்பா, இப்பப் பண்ணது தப்பான்னு யாருக்குத் தெரியும்னு கேட்கிறார். ஊசியால கெடுதல் இல்ல, திங்கட்கிழமை நடக்கட்டும், வந்து பார்க்கிறேன்னுட்டார்."

அக்காவின் பேருந்து நிறுத்துமிடத்துக்கு ஆட்டோவில் போய்ச் சேர்ந்தபோது மூன்று மணி. மூன்று இருபதுக்கு வண்டியை எடுத்தால்தான் பள்ளி விடும் நேரத்துக்குப் போக முடியும். பிள்ளைகளை வீட்டில் விட்டுவிட்டு வருவதற்குள் நான்கு மணி தாண்டிவிடும். அக்கா ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்து கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தாள். இடது காலை நீட்டி வைத்திருந்தாள்.

படியில் ஏறி நின்று மூச்சு வாங்கினேன். "அக்கா, ஆபரேஷன் இடம் வேணும்னு இப்பவே போன் பண்ணு. ஊசி வேண்டாம். அந்த எண்ணெல்லாம் தப்பு."

அவள் துடைப்பதை நிறுத்தவில்லை. "ஆரம்பிச்சுட்டியா?"

"நிஜமாத்தான்க்கா. வில்லைங்களத் தப்பான தண்ணில ஊற வெச்சுட்டாங்க. அதுங்க ஊதிப்போய் கெட்டியாத் தெரிஞ்சிருக்கு. காத்து அதிகமா அடிச்ச டயரத் தட்டிப் பார்த்தா கெட்டியா இருக்கும்ல? அதுக்காக தேஞ்ச டயர் புதுசாயிடுமா?"

டயர் என்றதும் ஒரு கணம் நிமிர்ந்து பார்த்தாள். பிறகு தலையை ஆட்டினாள். "யார் ஊற வெச்சது?"

"அந்த டாக்டர்."

"உன் பூனையா?"

"ஆமா."

"அதானே பார்த்தேன்." துணியை உதறினாள். "ஒரு மாசமா அந்த ஆளக் கரிச்சுக் கொட்டிக்கிட்டு இருக்க. கடைசில ஒண்ணு கிடைச்சுடுச்சு உனக்கு. இந்தா பாரு, எனக்கு வெட்டிக்க பயம். ஊசி போதும்னு பெரிய டாக்டரே சொல்றார். அவரைவிட உனக்குத் தெரியுமா? பால் திரிஞ்சிருக்கும்னு நீ தினமும்தான் சொல்ற. ஒரு நாளாவது திரிஞ்சிருக்கா? எறங்கு, வண்டி எடுக்கணும்."

சாவியைத் திருப்பினாள். எஞ்சின் சத்தத்தில் வண்டி முழுக்க அதிர்ந்தது. இடது காலைத் தூக்கிக் கிளட்சில் வைத்தபோது அவள் உதட்டைக் கடித்ததைப் பார்த்தேன். அந்த மிதி முட்டியின் எந்தப் பக்கத்தில் இறங்குகிறது, அங்கே இன்னும் எத்தனை மில்லிமீட்டர் மிச்சம் என்பது எனக்கு மனப்பாடம். என் வாழ்நாள் முழுக்க நான் சந்தேகப்பட்ட ஒவ்வொன்றும் சேர்ந்து வந்து, இந்த ஒரே ஒரு உண்மையான விஷயத்தின் வாயை அடைத்துவிட்டது.

"அக்கா, தப்பு அவர் பண்ணல. நான் பண்ணேன்."

"என்னது?"

"நான்!" எஞ்சினுக்கு மேலே கத்தினேன். "எழுதிக் கொடுத்தது நான். சலைன்னு எழுத வேண்டிய இடத்துல தண்ணின்னு எழுதிட்டேன். அவர் வந்து கேட்டார், எந்தத் தண்ணின்னு. நான் எரிஞ்சு விழுந்தேன். அவரு பயந்துக்கிட்டு அப்புறம் கேட்கவே இல்ல. இன்னிக்கு பெரிய டாக்டர்கிட்ட என் தப்பை அவர் தப்புன்னு சொல்லித் திட்டு வாங்கினார். நான் பக்கத்துல வாய மூடிக்கிட்டு நின்னேன். அவர் நல்லவர்க்கா. முழுக்க முழுக்க என் தப்பு."

அழுகை வந்துவிட்டது. மறைக்க முயன்றும் முடியவில்லை.

அக்கா எஞ்சினை அணைத்தாள். திரும்பி என்னை வெகுநேரம் பார்த்தாள். சின்ன வயதில் என் காய்ச்சலுக்கு நெற்றியில் கை வைத்துப் பார்ப்பாளே, அப்படி ஒரு பார்வை.

"நாப்பது வருஷத்துல நீ என் தப்புன்னு சொல்லி நான் கேட்டதே இல்லடி" என்றாள். "அப்ப இது நிஜம்தான்."

நான் தலையாட்டினேன். அவள் முகம் மெல்ல மாறியது. இத்தனை நாள் ஊசி என்ற சொல்லுக்குப் பின்னால் ஒளித்து வைத்திருந்த பயம் முழுசாக வெளியே வந்து நின்றது. ஸ்டியரிங்கை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

"எத்தனை மாசம் வண்டி எடுக்க முடியாது?"

"மூணு, நாலு மாசம். அதுக்கப்புறம் பத்து வருஷத்துக்குக் குறையாம ஓட்டலாம்."

"எலும்ப அறுப்பாங்கள்ல? ரம்பத்தாலயா?"

பொய் சொல்லத் தோன்றியது. "ஆமாக்கா" என்றேன்.

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு போனை எடுத்து என்னிடம் நீட்டினாள். "நீயே பேசு. எனக்குக் குரல் வராது. இடம் எனக்கு வேணும்னு சொல்லு. சொல்லிட்டு, அடுத்தது பெரிய டாக்டருக்குப் போட்டு அந்தப் பாவப்பட்ட மனுஷன் தப்பு இல்லன்னும் சொல்லு. நான் இங்கயே உட்கார்ந்து கேட்பேன்."

இரண்டையும் பேசினேன். முதலாவது ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. இரண்டாவதில் பெரிய டாக்டர், எட்டாவது வரியில் என்ன எழுதியிருக்கிறது என்று இரண்டு தடவை கேட்டார். பிறகு, திங்கட்கிழமை யாருக்கும் ஊசி வேண்டாம், அந்தத் தாளை எடுத்துவை, நாளைக் காலை வருகிறேன் என்று மட்டும் சொன்னார். அவர் குரலில் கோபத்தைவிடக் களைப்புதான் இருந்தது. எனக்கு என்ன ஆகும் என்று கேட்கத் தைரியம் வரவில்லை.

மணி மூன்று இருபத்தைந்து. அக்கா மறுபடி சாவியைத் திருப்பினாள். நான் கீழே இறங்கிக் கதவைச் சாத்தப் போனேன்.

"ஏய்" என்று கூப்பிட்டாள். "ஆபரேஷன் அன்னிக்கு நீ லீவு போட்டுட்டு வந்துடணும்."

"வராம இருப்பேனா?"

"வந்து சும்மா உட்கார்ந்திருக்காத. உள்ள கொண்டு போறதுக்கு முன்னாடி எந்தக் கால்னு அவங்க சரியா எழுதியிருக்காங்களான்னு நீ ஒரு தடவை பார்த்துடு. ரெண்டு தடவை பாரு. மத்தவங்க பார்த்தா எனக்கு நம்பிக்கை இல்ல."

அவள் சிரிக்கவில்லை. நானும் சிரிக்கவில்லை. "இடது கால்" என்றேன். "நான் பார்த்துக்கிறேன்."